‘அவருக்குப் பிறகு’ என்று கேட்க முடியாமல்

கல்யாணமான நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை என் வீட்டுக்காரர் கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வந்தார். ஒரு தொழிற்சாலையில் வேலை. அரசாங்க உத்தியோகம் இல்லை என்பதால் அரசாங்க பென்ஷனும் இல்லை. ஆனால் தொழிற்சாலை நிர்வாகம் அவர் பேரில் ஒரு நிதியில் மாதாமாதம் பணம் போட்டு வைத்திருந்தது. ஓய்வு பெறும்போது அதில் ஒரு பங்கைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். மீதியை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கட்டிவிட வேண்டும். அவர் சாகும்வரை அவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புவார்கள். ஆபீஸ்காரர்கள் அதை ஆனுவிட்டி என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்கும் பென்ஷன் என்றுதான் பெயர்.

சாகும்வரை என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது எங்கள் வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக ஒரு வாய் காபி குடித்திருக்க முடியாது. அவருக்கு அப்படி ஒரு குணம். வாசலில் செருப்பு மாட்டும்போது “எங்க போறீங்க” என்று கேட்டுவிட்டால் போச்சு, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். வெளியே கிளம்புகிற யாரும் “போறேன்” என்று சொல்லக் கூடாது, “வாரேன்” என்றுதான் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் வருகிற பக்கத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் மற்ற பக்கங்களைப் படிப்பார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படியே வளர்ந்தவள்தான். கழுத்தில் தாலி இருக்கிறவள் புருஷனுடைய சாவைப் பற்றி வாய்திறந்து பேசினால் அந்த நாக்கை என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய பட்டியலே உண்டு.

ஆனி மாதக் கடைசியில் காப்பீட்டுக் கம்பெனியின் பத்திரம், அவர்கள் பாஷையில் பாண்டு, பதிவுத் தபாலில் வந்தது. கனமான உறை. அவர் கை கால் கழுவிவிட்டு வந்து வாங்கினார். நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்துவிட்டு, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இருவரும் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை வாங்கி வைப்பது போல வாங்கி வைத்தோம். முதல் மாதத் தொகை வந்து போன் சத்தம் போட்டபோது அவர் கடைத்தெருவுக்குப் போய் அல்வா வாங்கி வந்தார். நானும் வாங்கித் தின்றேன்.

ஆடி பிறந்தது. அவரோடு ஒரே பஸ்ஸில் போய்வந்த கூட்டாளி ஒருவர், இவருக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றவர், திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டு அம்மாவைப் பார்த்து வரலாம் என்று நான் மட்டும் போனேன். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அழுது முடித்திருந்தாள். ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அண்ணன் பென்ஷன்ல ஒங்களுக்கு உண்டா?”

“இருக்கும்மா. நாமினின்னு என் பேருதான் போட்டிருப்பாங்க.”

“நாமினி வேற, இது வேறயாம்க்கா. எங்களுக்கும் நாமினின்னு என் பேரு இருந்துச்சு. என்ன பிரயோசனம்? இவரு இருக்கிறவரைக்கும்தானாம். இப்ப நின்னுபோச்சு. கட்டுன பணமும் திரும்பி வராதாம். அந்த வகையைப் பாத்து எழுதியிருக்காரு.”

“ஏன் அப்படி எழுதுனாரு?”

“மாசம் கொஞ்சம் கூட வருதேன்னு எழுதியிருப்பாரு. எவனும் வெளக்கமாச் சொல்லிருக்க மாட்டான். எப்படிச் சொல்லுவான்? ஒரு மனுசன எதுக்க ஒக்கார வச்சுக்கிட்டு, நீ செத்தா ஒம் பொண்டாட்டிக்கு என்னாடான்னு எவன் கேப்பான்?”

அவள் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு இனி அதற்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத்தான் உடனே எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. மோரை அப்படியே வைத்துவிட்டு வந்தால் அவள் மனம் புண்படுமே என்று ஒரே மூச்சில் குடித்தேன். வீட்டுக்கு நடந்து வந்தபோது வெயில் தெரியவில்லை.

அவர் சாயங்காலம் டீக்கடைக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். பாண்டு முழுக்க இங்கிலீஷ். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் அந்த இங்கிலீஷ் அப்படிப் படிக்கிற இங்கிலீஷ் இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து சென்னையில் இருக்கும் என் மகளுக்கு அனுப்பினேன். எங்களுக்கு அவள் ஒருத்திதான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறவள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“அம்மா, இதுல அப்பா மட்டும்தான் இருக்காங்க.”

“அப்படின்னா?”

“அப்படின்னா... அப்பாவுக்கு வரும். கடைசி வரைக்கும் வரும்.”

“கடைசிக்கு அப்பறம்?”

“என்னம்மா இதெல்லாம் கேக்குறீங்க” என்றாள். பிறகு மெதுவாக, “வராதும்மா. உங்களையும் சேர்த்திருந்தா அப்பாவுக்கு... அதுக்கு அப்புறம் உங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அப்படி ஒரு வகை இருக்கு. அப்பா அதை எடுக்கல” என்றாள்.

வீடு சொந்த வீடுதான், ஆனால் வீட்டைச் சமைத்துச் சாப்பிட முடியாது. நிலம் கிடையாது. கையில் வாங்கிய பங்கு அவள் கல்யாணக் கடனுக்குப் போய்விட்டது. அவளுக்கோ சென்னையில் வீட்டுக் கடன். மருமகன் தங்கமானவர்தான். ஆனாலும் ஒரு மாதம் தங்கிவிட்டு வருவது வேறு, பெட்டியோடு போய் நிற்பது வேறு. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மருமகனிடம் சொல்கிற நாள் எனக்கு வரக் கூடாது. அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

“ஒரு வழி இருக்கும்மா” என்றாள் மகள். “பாண்டு கையில கிடைச்சு முப்பது நாளுக்குள்ள, எங்களுக்கு இது பிடிக்கலன்னு திருப்பிக் கொடுக்கலாம். அது வாங்குனவங்களோட சட்டப்படியான உரிமை. அதுலயே அச்சடிச்சிருக்காங்க. ஆனா அப்பாதான் எழுதிக் கொடுக்கணும். நீங்களோ நானோ கொடுக்க முடியாது.”

“நீயே அப்பாகிட்டச் சொல்லிரு.”

“நானா? போன்ல எப்படிம்மா? அப்பாவுக்கு பிரஷர் வேற. நீங்களே நல்ல நேரம் பாத்து மெதுவாச் சொல்லுங்க.”

வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவள் அப்படியே போனை வைத்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் என் வயிற்றில் பிறந்து என் வீட்டில் வளர்ந்தவள் என்று நினைத்ததும் அந்தக் கோபமும் போய்விட்டது.

மெதுவாகத்தான் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அவர் சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கூட்டாளி வீட்டுக் கதையைச் சொன்னேன், அவங்களுக்கு பென்ஷன் நின்னுபோச்சாம் என்று. “பாவம்” என்றார், டிவியைப் போட்டார். நாலு நாள் விட்டு, அந்தப் பேப்பரை ஆபீஸில் ஒரு தடவை காட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வந்தால் என்ன என்றேன். “ஆடியில எதையும் தொட வேண்டாம். ஆவணி பொறக்கட்டும், நல்ல நாள் பாத்துப் போவோம்” என்றார். ஆவணி பிறக்கும்போது என் முப்பது நாள் முடிந்து போயிருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். என்ன முப்பது நாள், எதற்கு முப்பது நாள் என்று கேட்டால் கடைசியில் அந்த வார்த்தையில்தான் போய் நிற்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

இந்தப் பாலிசியை எழுதிக் கொடுத்த ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் உற்சாகமாகப் பேசினார். “தம்பி, சாருக்கு... சாருக்குப் பிறகு...” என்று இழுத்தேன். “அம்மா, நீங்க ஏன் அதெல்லாம் நினைக்கிறீங்க? சார் நூறு வருஷம் நல்லா இருப்பாரு. எல்லாம் நல்லபடியா வரும்” என்றார். இதற்கு மேல் எதைக் கேட்பது? நூறு வருஷம் வேண்டாம் என்றா சொல்ல முடியும்? “சந்தோஷம் தம்பி” என்று வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் தும்மினால் பயம். மாடிப்படியில் ஏறினால் பயம். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமா, அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கு என்ன ஆகும் என்ற பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி அவர் குறட்டை விட்டால்தான் எனக்குத் தூக்கம் வந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். “என்னடி, யாரு நெனப்புல இருக்க?” என்று கிண்டல் செய்தார். உங்கள் நினைப்பில்தான் என்று சொல்லவும் முடியவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை, ஆடித் தள்ளுபடியில் நைட்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். பாண்டை மஞ்சப்பையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். திருடிக்கொண்டு போகிற மாதிரியே இருந்தது. நார்த்தாமலை தாண்டும்போது தெரிந்தவர் ஒருவர் ஏறி, “என்ன, அண்ணன் வரலியா?” என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

காப்பீட்டு ஆபீஸ் மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வயதானவர்கள். கவுன்டரில் என் மகள் வயதில் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். என் முறை வந்ததும் பாண்டை நீட்டினேன்.

“நீங்க யாரும்மா? பாலிசிதாரருக்கு என்ன வேணும்?”

“வீட்டுக்காரம்மா.”

“சார் வரலியா? பாலிசி அவர் பேர்ல இருக்கு. அதைப் பத்தின விவரத்தை அவர்கிட்டதாம்மா சொல்ல முடியும். அவர் கையெழுத்துப் போட்ட கடிதமாவது வேணும்.”

“விவரம் ஒண்ணும் வேண்டாம்மா. ஒரே ஒரு கேள்வி. அதாவது, இவருக்கு... ஒருவேளை... காலத்துக்கு அப்பறம்...”

“எந்தக் காலத்துக்கு?” என்றாள். குறும்பாகக் கேட்கவில்லை. மேலே ஃபேன் சத்தம், பக்கத்துக் கவுன்டரில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், அவளுக்கு உண்மையாகவே காதில் விழவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். டோக்கன் மிஷின் அடுத்த எண்ணைக் காட்டிவிடும் போலிருந்தது. இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக மேலே வந்தது.

“என் புருஷன் செத்துப்போனா எனக்குப் பணம் வருமா, வராதா?”

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் இருந்த ஒரு பாட்டியம்மா “அடி ஆத்தீ” என்று வாயில் கை வைத்தாள். என் கை என்னை அறியாமல் தாலியைப் பிடித்துக்கொண்டது. கூரை இடிந்து விழவில்லை. அந்தப் பெண் மட்டும் முகம் மாறாமல் என்னைப் பார்த்தாள்.

“ஒக்காருங்கம்மா” என்றாள். “உங்க பாலிசியைப் பத்திச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். ஒருத்தர் ஆயுளுக்கு மட்டும்னு எடுத்தா, அவர் இறந்ததும் நின்னுரும். மனைவிக்கு வராது. ரெண்டு பேர் ஆயுளுக்கும்னு எடுத்தா, யார் கடைசியா இருக்காங்களோ அவங்க இருக்கிறவரைக்கும் வரும். ஆனா மாசத் தொகை கொறையும்.”

“எடுத்ததை மாத்தலாமா?”

“பாண்டு கைக்கு வந்த நாள்லேர்ந்து முப்பது நாளுக்குள்ள பிடிக்கலன்னு எழுதிக் கொடுத்தா மாத்தலாம். நிதியிலேர்ந்து வந்த பணம்ங்கிறதால கையில கொடுக்க மாட்டாங்க. வேற வகைக்கு மாத்திக்கலாம். வந்த மாசத் தொகையைக் கழிச்சுக்குவாங்க. முப்பது நாள் போச்சுன்னா அப்பறம் யாராலயும் முடியாது. ஆனா அவர்தாம்மா வரணும். அவரோட உரிமை அது.”

படியிறங்கி வரும்போது அந்தக் கடைசி வார்த்தைதான் மனதில் நின்றது. உரிமை என்று ஒன்று இருக்கிறது. என் சோறு பற்றிய உரிமை. ஆனால் அது என்னுடையது இல்லை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் அந்தக் காகிதத்துக்குள் நுழைய முடியும், அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் நான் டோக்கன் வாங்கிய ஒரு அம்மா மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது. நைட்டி எடுக்கவும் மறந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஞாபகம் வந்து, போன காரியத்துக்குச் சாட்சியாக இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். “நைட்டி எங்க?” என்று கேட்டார். “சைஸ் இல்ல” என்றேன்.

செவ்வாய் போயிற்று. செவ்வாய்க்கிழமை எப்படி இதைப் பேசுவது? புதன்கிழமை சாயங்காலம் அவர் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் கழற்றுவதற்கு ஏதாவது தேடிக்கொண்டே இருப்பார். ஸ்டூல் லேசாக ஆடியது. நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“ஏங்க, கோவப்படாதீங்க. நீங்க எடுத்திருக்கிற பென்ஷன்ல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் சோத்துக்கு நிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தணும். நான் ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்.”

மேலே ஸ்குரூடிரைவர் சத்தம் நின்றது. இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

“நைட்டின்னு சொல்லிட்டு இதுக்குத்தான் போனியா? எஞ் சாவ எதிர்பாத்துக்கிட்டு இருக்கியா நீ?”

“எதிர்பாக்கலங்க. பயப்படுறேன்.”

“ஊர்ல அத்தனை பேரு முன்னாடி போயி இதக் கேட்டியா?”

“கேட்டேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ரெகுலேட்டர் மூடி. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ரொம்ப நேரம் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, பிரஷர் மாத்திரை போட்டாரா என்று மனதுக்குள் ஓடியது.

“ஏஜெண்ட் கேக்கத்தான் செஞ்சாரு” என்றார். “மேடத்தையும் சேத்துக்கலாமா சார்னு. நாந்தான் வேண்டாம்னேன்.”

யாருமே அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறார்கள். இவர் வேண்டாம் என்றிருக்கிறார். காசு கூட வருகிறதே என்று என்னைக் கழித்துவிட்டாரா?

அவரே சொன்னார். “நீதானே வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்துறப்பல்லாம் வேண்டுவ, பூவும் பொட்டுமாப் போயிரணும், அவருக்கு முந்திப் போயிரணும்னு. எங் காது கேக்கத்தானே வேண்டுவ. நீ அப்படி வேண்டிக்கிட்டு இருக்கயில, எனக்கப்பறம் அவளுக்குக் குடுங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, ஒன்ன தாலியறுத்தவளா நானே எழுதி வச்ச மாதிரி ஆயிராதா? எங் கையி வரல.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனை என்ன செய்வது? என் வேண்டுதலை நம்பி என் சோற்றை எழுதாமல் விட்டிருக்கிறார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

“வேண்டுனேன்தான். இப்பயும் வேண்டுறேன். ஆனா சாமி நம்ம கேட்டதெல்லாம் குடுத்துருக்கா? பத்து வருஷம் கோயில் கோயிலா அலைஞ்சு ஒரு புள்ளதானே குடுத்துச்சு? முந்திப் போறேன்னு நான் சொல்லலாம். சாமி கேக்கலேன்னா நான் யாரு வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?”

அவர் ரெகுலேட்டர் மூடியை மாட்டாமலே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். அவர் முடியாது என்றுவிட்டால் அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றுமே கிடையாது. அந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி இனி எனக்கு வேண்டாம்.

காலையில் நான் எழுந்தபோது அவர் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். “பாண்டை எடு. ஒன் ஆதார் கார்டையும் எடுத்துக்க, போட்டோ இருந்தா அதையும் எடுத்துக்க” என்றார். ஆடி மாதம். அன்று நல்ல நேரம் எப்போது என்று காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் எதிர்வீட்டுக்காரம்மா “ரெண்டு பேருமா எங்க போறீங்க?” என்று கேட்டுவிட்டாள். அவர் திரும்பி உள்ளே வரவில்லை. “புதுக்கோட்டைக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதே பெண் கவுன்டரில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் சுற்றி வளைக்கவில்லை. “சார், நீங்க இறந்த பிறகு அம்மாவுக்கு முழுத் தொகையும் வரணுமா, பாதி வரணுமா? பாதின்னா இப்ப உங்களுக்குக் கொஞ்சம் கூட வரும். முழுசுன்னா இப்பயே கொறையும்” என்றாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முழுசா” என்றார்.

“மாசம் நல்லாவே கொறையும் சார்.”

“கொறையட்டும். நான் எறந்த பெறகு இவ யாருகிட்டயும் கேட்டு நிக்கக் கூடாது.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கி, பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. அவள் இன்னொரு காகிதம் கொடுத்தாள். அதிலும் கோணியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவதாகப் போட்டார், அது சரியாக வந்தது. இரண்டாவது ஆளாக என் பெயர் எழுதி என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். எங்கள் நகலில் தேதி போட்டு முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று நான் கேட்டேன், கேட்பதற்கு இப்போது எனக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது என்ற தைரியத்தில். அவள் மறுபேச்சில்லாமல் வைத்துக் கொடுத்தாள். முத்திரை விழுந்த சத்தத்தில் என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தார். டிக்கெட் வாங்கினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “இந்தா, இனிமே நீ எனக்கு முந்திப் போனா நட்டம். கொறைச்சு வாங்குன காசெல்லாம் வீணாப் போயிரும். பாத்து நடந்துக்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. இத்தனை நாளும் அவர் இல்லாத வீட்டில் அரிசிக்கும் மாத்திரைக்கும் என்ன செய்வேன் என்று மட்டும்தான் யோசித்திருந்தேன். அந்தக் கவலை இப்போது இல்லை. அது விலகியதும், அவர் இல்லாத வீடு அப்படியே முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றி நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அதற்கு முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கிற வழி எதுவும் கிடையாது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் அப்படி உட்காருகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “என்ன, வாந்தி வருதா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன். கீரனூர் வரும்வரை கையை எடுக்கவில்லை.